மூவேந்தவேளானை எப்படித் தேடுவது? கல்வெட்டு ஆய்வு தொடங்குகிறவருக்கு முன்னால் இருக்கும் வழிகள்

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மாணவி பார்க்க வந்திருந்தார். முனைவர் பட்டத்துக்கு அப்போதுதான் பதிவு செய்திருந்தார். சோழர் கால அதிகாரிகள் பற்றிய தலைப்பு. மடிக்கணினியைத் திறந்து ஒரு ஃபோல்டரைக் காட்டினார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள், கல்வெட்டு ஆண்டறிக்கைகள், மாவட்ட வாரியான தொகுப்புகள் என்று எல்லாம் பிடிஎஃப்பாக அடுக்கி வைத்திருந்தார். “எல்லாமே இருக்கு சார். மூவேந்தவேளான்னு தேடினா வந்துடும்ல? அதை எண்ணினாலே ஒரு இயல் முடிஞ்சிடும்” என்றார். மூவேந்தவேளான் என்பது சோழர் கால அதிகாரிகள் பலருக்கு இருந்த பட்டம்.

தேடிப் பாரும்மா என்றேன். முதல் கோப்பில் ஒன்றுமே வரவில்லை. அது வெறும் படம், உள்ளே எழுத்து கிடையாது. இரண்டாவதை அவரே ஏற்கனவே ஓசிஆர் செய்து, அதாவது படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றி, வைத்திருந்தார். அதில் நான்கு வந்தது. அந்தத் தொகுதியில் அந்தப் பட்டம் நான்கு இடத்தில் மட்டுமா இருக்கும்? ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்துப் படித்தோம். அந்த ஒரு பக்கத்திலேயே தேடலில் சிக்காத ஒரு மூவேந்தவேளான் உட்கார்ந்திருந்தார். வரியின் கடைசியில் “மூவே” என்று நின்று, அடுத்த வரியில் “ந்தவேளான்” என்று தொடர்ந்திருந்தது.

சரி, அப்படியானால் எந்த வழியில் போவது? அவர் கேட்ட கேள்வி அதுதான். எனக்குத் தெரிந்து நான்கு வழிகள் இருக்கின்றன. நோட்டுப்புத்தகமும் கார்டுமாகப் படித்துக்கொண்டே போவது. மற்றவர்கள் மின்னாக்கி வைத்ததில் தேடி எடுப்பது. நாமே படித்து ஓர் அட்டவணை கட்டுவது. வரைபடமோ இயந்திரக் கற்றலோ வைத்து பெரிய அளவில் ஓட்டிப் பார்ப்பது. நான்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் நாலைந்து வருடமும் கொஞ்சம் உதவித்தொகையும் மட்டுமே கையில் இருக்கும் ஒருவர் எதையாவது தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

முதல் வழியைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் அல்லூரைக் காட்டுவேன். ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமா 1966-இல் திருச்சிக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் இருக்கும் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒன்று ஊரார் நிர்வகித்த ஊர், இன்னொன்று பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த ஊர். இரண்டின் கல்வெட்டுகளையும் வரி வரியாகப் படித்து, நிலத்தை யார் விற்கிறார்கள், யார் கொடுக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தார். அல்லூரில் ஊர் என்ற அமைப்பே நிலத்தை விற்கிறது. ஈசானமங்கலத்தில் தனித்தனிப் பிராமணர்கள் தங்கள் நிலத்தை விற்கிறார்கள். நிலம் பொதுவில் இருந்ததா, தனியார் கையில் இருந்ததா என்று பெரிய பெரிய கோட்பாடுகளை வைத்து அடித்துக்கொண்டிருந்த விவாதத்தில் இந்தச் சின்ன ஒப்பீடு தடம் பதித்தது. கணினி கிடையாது. இரண்டு ஊர், கொஞ்சம் கல்வெட்டுகள், கேட்கத் தெரிந்த ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

இந்த வழியின் பலம் என்னவென்றால், தேடாததும் கண்ணில் படும். மூவேந்தவேளானைத் தேடிப் போகிறவர் வழியில் நீர்ப்பங்கீட்டுச் சண்டை ஒன்றைப் பார்ப்பார். விளக்குக்கு விட்ட ஆடுகளின் கணக்கைப் பார்ப்பார். அந்தப் பட்டம் பெற்றவரின் மனைவி கொடுத்த தானத்தையும் பார்ப்பார். ஆய்வின் உண்மையான தலைப்பு பல பேருக்கு இப்படித்தான் கிடைத்திருக்கிறது. பலவீனமும் வெளிப்படையானது. ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் சிதறிக் கிடக்கும் ஒரு விஷயத்தை மனித மூளை நினைவில் வைத்துக்கொண்டு எண்ண முடியாது. “அநேக இடங்களில் காணப்படுகிறது”, “பெரும்பாலும் இவ்வாறே” என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். எத்தனை இடங்களில், எந்த அரசன் காலத்தில், எந்தப் பகுதியில் என்று கேட்டால் பதில் இருக்காது.

அதே கராஷிமாவுக்கும் இந்தக் குறை உறுத்தியிருக்க வேண்டும். எ. சுப்பராயலு, தோரு மாட்சுய் ஆகியோருடன் சேர்ந்து அச்சில் வந்த சோழர் கல்வெட்டுகளில் இருக்கும் ஆட்பெயர்களைக் கணினி உதவியுடன் தொகுத்து, 1978-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். மதுரையில் அச்சானது. இந்தியாவில் வரலாற்றுத் துறைகள் கணினியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நம் கல்வெட்டுகள் கணினிக்குள் போய்விட்டன என்பதை நம்மில் பல பேர் மறந்துவிடுகிறோம். ‘டிஜிட்டல் வரலாறு’ என்று இன்று புதிதாகப் பேசுகிறவர்களிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் திகைக்கிறார்கள்.

அந்தத் தொகுப்பிலிருந்து என்ன கிடைத்தது? அமெரிக்க வரலாற்றாய்வாளர் பர்ட்டன் ஸ்டெயின் சோழ அரசு ஒரு கூறாக்க அரசு, மையத்துக்கு வெளியே அரசனின் அதிகாரம் பெரும்பாலும் சடங்களவில்தான் என்று வாதிட்டு வந்தார். அவருடைய பெரிய நூல் 1980-இல் வந்தது. கராஷிமாவும் சுப்பராயலுவும் பட்டங்களை எண்ணிப் பார்த்தார்கள். மூவேந்தவேளான் போன்ற பட்டங்கள் அரசன் பெயரோடு சேர்ந்து வருகின்றன. முதலாம் ராஜராஜன், முதலாம் ராஜேந்திரன் காலத்தில் பெருகுகின்றன. புரவுவரித் திணைக்களம் என்ற நிலவரித் துறையோடு தொடர்புடையவர்களிடம் குறிப்பாகக் காணப்படுகின்றன. அரசன் அதிகாரிகளை வைத்து ஆள முயன்றான் என்பதற்கு இது சான்று என்றார்கள். ஸ்டெயினின் கருத்தை முழுக்கத் தூக்கி எறிந்துவிட்டதா என்பது வேறு விஷயம். ஆனால் அதன்பிறகு யாரும் வெறும் உதாரணத்தை வைத்து அந்த விவாதத்தில் பேச முடியவில்லை.

ஆக ஒரே மனிதர் இரண்டு வழியிலும் போயிருக்கிறார். கேள்வி மாறியபோது வழியை மாற்றினார். என் மாணவி தன் ஃபோல்டரை வைத்துக்கொண்டு நினைத்ததற்கும் அந்த மூவர் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? மூவரும் முதலில் படித்தார்கள், பிரித்தார்கள், அப்புறம்தான் கணினியிடம் கொடுத்தார்கள். மாணவி முதலில் கணினியிடம் கொடுத்துவிட்டு, வந்ததை மட்டும் படிக்க நினைத்தார். எந்த வழியில் போனாலும் படிக்கும் வேலை குறையாது, முன்னுக்கோ பின்னுக்கோ நகரும், அவ்வளவுதான். பின்னுக்கு நகர்த்தினால் எது விடுபட்டது என்று தெரியாமலேயே போகும். நான்கு வழிகளையும் ஒப்பிடும்போது நான் பார்ப்பது இதைத்தான்.

தேடல் வழியில் என்னவெல்லாம் விடுபடும்?

ஓசிஆரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆங்கிலத்துக்கே நிலைமை அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. பிரிட்டிஷ் நூலகம் மின்னாக்கிய 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் செய்தித்தாள்களை 2009-இல் சோதித்தபோது, சொற்களில் 78 சதவீதம்தான் சரியாக வந்திருந்தது. ஆய்வாளர் தேடக்கூடிய முக்கியமான சொற்களை மட்டும் எடுத்தால் 68 சதவீதம். அதாவது மூன்றில் ஒன்று கண்ணுக்குத் தெரியாது. அச்சு ஆங்கிலத்துக்கே இந்தக் கதி என்றால் கல்வெட்டுத் தமிழை யோசித்துப் பாருங்கள்.

கல்லில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு கிடையாது. சில பதிப்பாசிரியர்கள் கல்லில் இருந்தபடி “மூவெந்தவெளாந்” என்று அச்சிடுவார்கள். சிலர் திருத்தி “மூவேந்தவேளான்” என்று போடுவார்கள். இன்னும் சிலர் “மூவேந்த வேளார்” என்று இடைவெளி விட்டிருப்பார்கள். நடுவில் ஓர் எழுத்து சிதைந்திருந்தால் பதிப்பில் “மூவே[ந்]தவேளான்” என்று சதுர அடைப்புக்குறி வரும். அந்த ஒரு அடைப்புக்குறி போதும், தேடலுக்கு அந்த ஆள் இல்லாமல் போய்விடுவார். பதிப்பாசிரியர் நேர்மையாகப் போட்ட குறியே அவரை ஒளித்துவிடுகிறது. அடைப்புக்குறியை நீக்கிவிட்டுத் தட்டச்சு செய்தாலோ இன்னும் மோசம். தேடலில் அகப்படுவார், ஆனால் அந்த எழுத்து ஐயத்துக்குரியது என்பது மறைந்துவிடும்.

எண்களைப் பற்றித் தனியாகவே புலம்பலாம். தமிழ் எண்கள் நம் எழுத்துகளைப் போலவே இருக்கும். ௧ என்பது ககரம் மாதிரி, ௨ உகரம் மாதிரி, ௭ எகரம் மாதிரி, ௮ அகரம் மாதிரி. “யாண்டு ௨௰௮” என்று இருப்பதை இயந்திரம் உகரம், என்னவென்று தெரியாத ஒன்று, அகரம் என்று படித்துவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடும். 28-ஆம் ஆட்சியாண்டு அதோடு காணாமல் போயிற்று. நில அளவு வந்தால் கேட்கவே வேண்டாம். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரிகை முந்நூற்றிருபதில் ஒன்று. இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் குறிகள். அந்தக் குறிகளுக்கு யூனிகோடில் இடம் கிடைத்ததே 2019-இல்தான். அதற்கு முன்பு தட்டச்சு செய்தவர்கள் ஆளுக்கொரு வழியில் சமாளித்தார்கள். பழைய எழுத்துருக்களில் செய்த கோப்புகளைத் திறந்தால் இன்று வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

இவ்வளவும் மின்னாக்கியவற்றின் குறைகள். மின்னாக்காதது, அச்சிலேயே வராதது என்று இன்னொரு உலகம் இருக்கிறது. 1887 முதல் வரும் ஆண்டறிக்கைகளில் ஏராளமான கல்வெட்டுகளுக்கு இரண்டு மூன்று வரி ஆங்கிலச் சுருக்கம் மட்டும்தான் உண்டு. மூலபாடம் மைப்படியாகத்தான், அதாவது கல்லின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த படியாகத்தான், கிடக்கிறது. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் உத்தரவிட வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். சுருக்கம் எழுதியவருக்கு ஒரு நிலவிற்பனை முக்கியமாகப் பட்டிருக்கும். அதில் கையெழுத்திட்ட ஒன்பது பேரின் பெயரை அவர் விட்டிருப்பார். நம் மூவேந்தவேளான் அந்த ஒன்பதில் ஒருவராக இருந்தால் பிடிஎஃப் முழுவதையும் சல்லடை போட்டாலும் வரமாட்டார்.

இதற்காகத் தேடல் வழி வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே தினமும் தேடுகிறேன். ஓர் ஊர்ப்பெயர் எங்கோ படித்த நினைவு இருந்து, எங்கே என்று தெரியாதபோது தேடலைப் போல உதவி வேறில்லை. “இருக்கிறதா” என்ற கேள்விக்குத் தேடல் நல்லது. “எத்தனை”, “இல்லையா” என்ற கேள்விகளுக்கு அதை நம்பக் கூடாது. தேடியதில் வரவில்லை, ஆகவே அக்காலத்தில் இல்லை என்று எழுதிய ஆய்வேடுகளை நான் படித்திருக்கிறேன். ஓசிஆரின் பிழையை வரலாற்று உண்மையாக ஆக்கிவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. இணையத்தில் இருப்பது என்றைக்கும் இருக்கும் என்ற நினைப்பு. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தது. மாதக்கணக்கில் அதன் மின்னட்டவணையும் மின்சேகரங்களும் முடங்கிக் கிடந்தன. பதிவிறக்கிக் கையில் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

அட்டவணை வழிக்கு வருகிறேன். என் ஓட்டு இதற்குத்தான். அதனால் இதைப் பற்றிக் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கு அமர்த்திய பெண்கள், 400 பேரின் பட்டியல் இருக்கிறது. எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் வரிசையாகச் சொல்லும். ராஜராஜன் காலத்தில் யாரோ ஒரு கணக்கர் எக்செல் ஷீட் போட்டுச் சுவரில் ஏற்றிய மாதிரியே இருக்கும். இதை அட்டவணையாக்குவது சுலபம் என்று தோன்றும். ஆனால் 400 பேரின் பெயரும் “நக்கன்” என்று தொடங்கும். கல்வெட்டுப் பெயர்களில் முதலில் வருவது பொதுவாகத் தகப்பன் பெயர் என்று ஒரு விதி எழுதி இயந்திரத்திடம் கொடுத்தால், நக்கன் என்ற ஒரே தகப்பனுக்கு 400 மகள்கள் என்று முடிவு வரும். நக்கன் என்றால் சிவன். கோயிலைச் சேர்ந்தவர் என்பதற்கான அடையாளம் அது. இதைத் தெரிந்த ஒருவர் படித்துப் பிரித்தால்தான் அட்டவணைக்கு அர்த்தம்.

அதே கோயிலில் ஸ்ரீகாரியம், அதாவது கோயில் நிர்வாகம், பார்த்தவர் பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். இந்த ஒரு ஆளை அட்டவணையில் ஏற்றிப் பாருங்கள். பொய்கைநாடு என்பது இடம். கிழவன் என்பது உடைமையைக் காட்டும் சொல். ஆதித்தன் தகப்பன், சூரியன் இவர் பெயர். தென்னவன் மூவேந்தவேளான் பட்டம். பதவி ஸ்ரீகாரியம். ஒரு பெயருக்கு ஆறு கட்டங்கள். இவர் வேறொரு கல்வெட்டில் வெறும் “தென்னவன் மூவேந்தவேளான்” என்று வந்தால் அதே ஆளா, அதே பட்டம் பெற்ற வேறு ஆளா? அதற்கு ஏழாவது கட்டம்: அதே ஆள் என்பதற்கான என் காரணம். தட்டச்சு செய்யும்போதே இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அலுப்பான வேலை, உண்மைதான். ஆனால் ஆய்வே அந்த அலுப்பில்தான் நடக்கிறது. வேறு யாரிடமாவது காசு கொடுத்துத் தட்டச்சு செய்துகொண்டால் கட்டங்கள் நிரம்பும், ஆய்வாளருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

அரசன் பெயருக்கு ஒரு கட்டம் போதாது. முற்காலச் சோழர் கல்வெட்டுகளில் பல வெறும் “கோப்பரகேசரிவர்மற்கு யாண்டு” என்று தொடங்கும். பரகேசரி, ராஜகேசரி என்பவை மாறி மாறி வரும் பட்டங்கள். எந்தப் பரகேசரி என்பது எழுத்தமைதியையும் (எழுத்து வடிவத்தையும்) உள்ளடக்கத்தையும் வைத்துப் பதிப்பாசிரியர் செய்த ஊகம். ஆகவே கல்லில் இருப்பது ஒரு கட்டத்தில், அரசன் இன்னார் என்று சொன்னவர் இன்னொரு கட்டத்தில். இதைப் பிரிக்காமல் “முதலாம் பராந்தகன்” என்று ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால், ஐந்து வருடம் கழித்து அதை எண்ணி வரைபடம் போடும்போது யாரோ ஒருவருடைய ஊகத்தை எண்ணிக்கொண்டிருப்போம்.

அட்டவணைக்கும் அதன் சொந்தத் தொல்லைகள் உண்டு. நான் பட்டதைச் சொல்கிறேன். ஆண்டறிக்கை எண்களை 12/1908 என்ற மாதிரி வரிசையாக அடித்துக்கொண்டே போனேன். பல வாரம் கழித்துப் பார்த்தால் சில கல்வெட்டுகளுக்கு மட்டும் எண் இருந்த இடத்தில் டிசம்பர், மார்ச் என்று மாதப் பெயர்கள் நிற்கின்றன. ஒவ்வொரு ஆண்டிலும் முதல் பன்னிரண்டு எண்களை மட்டும் எக்செல் தேதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 13/1908 பத்திரமாக இருந்தது. 1900-க்கு முந்தைய எண்களும் தப்பித்தன, ஏனென்றால் எக்செலின் காலண்டர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சிரிப்பாக இருக்கலாம், எனக்கு அன்றைக்கு அழுகைதான் வந்தது. முதல் நாளே அந்தக் கட்டத்தை வெறும் எழுத்து என்று அமைத்துவிட்டால் போதும்.

எண்ணுவதில் இதைவிடப் பெரிய பள்ளங்கள் இருக்கின்றன. செம்பியன் மாதேவி காலத்தில் பழைய கோயில்களைக் கற்றளியாக மாற்றிக் கட்டினார்கள். திருக்கோடிக்காவலில் அப்படிக் கட்டியபோது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் திரும்ப வெட்டினார்கள். அவற்றைச் செய்தி நடந்த காலத்தில் எண்ணுவதா, வெட்டிய காலத்தில் எண்ணுவதா? செங்கல் கோயில் கல்லாக மாறிய ஊர்களில் கல்வெட்டு கூடும், மாறாத ஊர்களில் இருக்காது. கல்வெட்டு அதிகம் என்பதால் அதிகாரிகள் அதிகம் என்று சொல்லிவிட முடியுமா? ஆனைமங்கலச் செப்பேடு மாதிரி ஓர் அரசாணையில் அதிகாரிகளின் பெயர்கள் சரமாக வரும். அப்படி ஒன்று கிடைத்த ஆட்சியில் எண்ணிக்கை எகிறும், கிடைக்காத ஆட்சியில் படுத்துவிடும்.

எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் எதை எதால் வகுக்கிறோம் என்பதில் கதை மாறும். அமெரிக்க அடிமை முறை பற்றி ராபர்ட் ஃபோகலும் ஸ்டான்லி எங்கர்மனும் 1974-இல் கணினிக் கணக்குகளோடு ஒரு நூல் எழுதினார்கள். லூசியானாவின் பென்னட் பாரோ என்ற தோட்ட முதலாளியின் நாட்குறிப்பை வைத்து, ஆளொன்றுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.7 சவுக்கடித் தண்டனை என்றார்கள். குறைவுதானே என்று தோன்றும். ஹெர்பர்ட் கட்மன் அதே நாட்குறிப்பை எடுத்து வேறு மாதிரி வகுத்தார். அந்தத் தோட்டத்தில் சராசரியாக 4.56 நாளுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் சவுக்கடி பட்டார் என்று வந்தது. சவுக்கடி யாருக்கு விழுந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எல்லோரும்தானே. ஃபோகலுக்கு 1993-இல் பொருளாதாரத்துக்கான நோபல் கிடைத்தது. அந்த 0.7-ஐ மட்டும் இன்றைக்கும் வகுப்பில் எச்சரிக்கையாகத்தான் சொல்கிறார்கள்.

இத்தனை குழி இருந்தும் ஏன் அட்டவணை என்கிறேன்? அதில் குழி எங்கே என்று கட்டியவருக்குத் தெரியும். திருக்கோடிக்காவலுக்கு “படியெடுத்தது” என்று ஒரு கட்டம் சேர்க்கலாம். ஆனைமங்கலத்தை ஒதுக்கிவிட்டு இன்னொரு முறை எண்ணிப் பார்க்கலாம். யார் கேட்டாலும் திறந்து காட்டலாம். கார்டில் குறித்து வைத்தவருடைய மேசையறையை அடுத்தவர் திறந்து சரிபார்க்க முடியாது.

கொஞ்சம் கூடுதல் பொறுமை இருக்கிறவர்களுக்கு அட்டவணையைவிட ஒரு படி மேலே குறிமொழியில் மூலபாடத்தையே பதிவது இருக்கிறது. கிரேக்க, லத்தீன் கல்வெட்டுகளுக்காக உருவான எபிடாக் என்ற முறையில் எந்த எழுத்து தெளிவாக இருக்கிறது, எது ஐயத்துக்குரியது, எது பதிப்பாசிரியர் சேர்த்தது என்று தனித்தனியாகக் குறிக்கலாம். அந்த அடைப்புக்குறிப் பிரச்சினை இதில் தீரும். தேடலில் ஆளும் கிடைப்பார், ஐயமும் மறையாது. 2019-இல் ஐரோப்பிய நிதியில் தொடங்கிய தர்மா திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் இப்படிப் பதிந்து வந்தது. தனி ஒருவர் ஆய்வேட்டுக்காக ஆயிரம் கல்வெட்டை இப்படிச் செய்ய முடியாது. ஐம்பதைச் செய்யலாம், அந்த ஐம்பதும் பிறருக்கும் பயன்படும்.

வரைபட வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுப்பராயலு 1973-இல் சோழ நாட்டின் அரசியல் புவியியலை எழுதியபோது, கல்வெட்டில் வரும் ஊர்களை ஒவ்வொன்றாக இன்றைய ஊரோடு அடையாளம் கண்டு, எந்த நாட்டில் எந்த ஊர் என்று வரைந்தார். நாடு என்பது இங்கே பல ஊர்கள் சேர்ந்த சிறு பிரிவு. பின்னாளில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்திய வரலாற்று நிலப்படத் திட்டத்தையும் அவர் நடத்தினார். ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் புள்ளி வைப்பது ஐந்து நிமிட வேலை. அந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்று கண்டுபிடிப்பதுதான் வருடக்கணக்கில் ஆகும். ஊர்கள் பெயர் மாறியிருக்கின்றன, ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன, கல்வெட்டு இருக்கும் இடம் வேறு, அது பேசும் நிலம் இருக்கும் இடம் வேறு. இன்னொரு ஆபத்து, மென்பொருள் புள்ளிகளைச் சுற்றிக் கோடு போட்டு வண்ணமும் பூசித் தரும். நாடுகளுக்கு அப்படி எல்லை வரப்பு இருந்ததா என்று யோசிப்பதற்குள் படம் ஆய்வேட்டில் ஏறிவிடும். அட்டவணை முடிந்த பிறகு செய்தால் வரைபடம் நல்ல கேள்விகளைக் கேட்கும். அதற்கு முன்னால் செய்தால் அலங்காரம்தான்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. இத்தாக்கா என்ற கருவி 2022-இல் வந்தது. சிதைந்த கிரேக்கக் கல்வெட்டுகளில் விடுபட்ட எழுத்துகளை ஊகிக்கும். தனியாக 62 சதவீதம் சரி. வரலாற்றாய்வாளர்கள் தனியாகச் செய்தபோது 25 சதவீதம், கருவியோடு சேர்ந்து செய்தபோது 72 சதவீதம். நல்ல முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கருவி தின்று வளர்ந்தது பல பத்தாண்டுகளாக மனிதர்கள் உட்கார்ந்து மின்னாக்கி வைத்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கல்வெட்டுகளை. நம்மிடம் மூலபாடங்களில் பெரும்பகுதி இன்னும் மைப்படியிலும் ஸ்கேன் படத்திலும் கிடக்கின்றன. விதை நெல் இல்லாமல் அறுவடை இயந்திரம் வாங்கிய கதையாக ஆகிவிடக் கூடாது. பொது உரையாடல் கருவிகளிடம் கல்வெட்டுப் படத்தைக் கொடுத்தால், படிக்க முடியாத இடத்தில் மெய்க்கீர்த்தியின் (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் பகுதியின்) தெரிந்த வரிகளைப் போட்டு அழகாக நிரப்பித் தரும் ஆபத்து உண்டு. சிதைவு இருந்ததே தெரியாது. ஆனால் திதி, நட்சத்திரம், கிழமை வைத்துத் தேதி கணிப்பது போன்ற கணக்குகளுக்குக் கணினியை யோசிக்காமல் பயன்படுத்தலாம். சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்கத் தொகுதிகளை மடியில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்த வேலை அது. அதில் எனக்கு எந்த ஏக்கமும் இல்லை.

மாணவிக்கு நான் சொன்னது இதுதான். சோழ நாடு முழுவதையும் விட்டுவிடுங்கள். பல நாடுகள் சேர்ந்த ஒரு வளநாட்டை, முடிந்தால் அதில் இரண்டு மூன்று நாடுகளை மட்டும் எடுங்கள். டி. வி. மகாலிங்கம் தொகுத்த கல்வெட்டுகளின் ஊர்வாரிப் பட்டியலை வைத்து எத்தனை கல்வெட்டு இருக்கிறது, அதில் எத்தனைக்கு மூலபாடம் அச்சில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ‘ஆவணம்’ என்ற கல்வெட்டு ஆய்விதழின் பழைய இதழ்களைப் புரட்டுங்கள், புதிதாகக் கிடைத்தவை அங்கே இருக்கும். அச்சில் உள்ளதை முழுதாகப் படித்து அட்டவணையில் ஏற்றுங்கள். அச்சில் இல்லாததற்கும் ஒரு வரி போடுங்கள், “பார்க்கவில்லை” என்று எழுதி. முதல் ஒன்றரை வருடம் அதற்கே போகட்டும். தேடலை அதற்குப் பிறகு, வெளியே இருக்கும் தொகுதிகளில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் கடைசி வருடம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டம் சேருங்கள்: இதை முழுதாகப் படித்தேனா, தேடி எடுத்தேனா, வேறொருவர் நூலிலிருந்து எடுத்தேனா. வாய்மொழித் தேர்வில் அந்தக் கட்டம் காப்பாற்றும்.

“இதுக்கு கம்ப்யூட்டரே வேணாம் போலயே சார்” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. வேண்டும், நீங்கள் நினைத்த இடத்தில் வேண்டாம் என்றேன். அவருக்கு அது முழுக்க ஒப்புதலாக இல்லை என்று முகம் சொன்னது. அப்புறம் தயங்கியபடியே புதிய ஷீட்டைத் திறந்தார். முதல் கட்டத்தை வெறும் எழுத்து என்று அமைக்க நினைவூட்டினேன். அன்று மாலை வரை உட்கார்ந்ததில் பதினொரு கல்வெட்டுகள் ஏறின. மூவேந்தவேளான்கள் மூன்று பேர். ஒருவர் கட்டங்களில் எங்கே உட்காருவார் என்று முடிவு செய்ய முடியாமல் இன்னும் மஞ்சள் வண்ணத்தில் இருக்கிறார்.